உறங்காப்புளி ஊரும் உறங்காத மடிக்கணினியும்

ஆழ்வார்திருநகரி கோயிலுக்குப் போனவர்களுக்கு அந்தப் புளியமரத்தைத் தெரிந்திருக்கும். சாதாரணமாகப் புளிய இலைகள் பொழுது சாய்ந்தால் கூம்பிக்கொள்ளும். இந்த மரத்தின் இலைகள் ராத்திரியிலும் கூம்புவதில்லை என்பது ஊர் நம்பிக்கை. அதனால்தான் உறங்காப்புளி என்று பெயர். அதன் பொந்தில் 16 வருடம் பேசாமல் கொள்ளாமல் யோகத்தில் இருந்த நம்மாழ்வார், மதுரகவி வந்து ஒரு கல்லைப் போட்டுச் சத்தம் எழுப்பியதும் கண் விழித்து, கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொன்னார் என்று கதை சொல்வார்கள். 16 வருடம் கழித்து எழுப்பினாலும் பட்டென்று பதில்!

அரசு கொடுத்த மடிக்கணினிக்கு இந்தப் பாக்கியம் இல்லை. மூடியை மூடினால் தூங்க மாட்டேன் என்கிறது, பைக்குள் கிடந்து இட்லிச் சட்டி மாதிரி சுடுகிறது. அல்லது தூங்கிவிடுகிறது, பிறகு எந்தக் கல்லைப் போட்டாலும் எழுந்திருப்பதில்லை. கறுப்புத் திரை, உள்ளே காற்றாடி சுற்றும் சத்தம், கடைசியில் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைக்க வேண்டியதுதான். சேமிக்காத ரெக்கார்டு நோட்டு வேலை கோவிந்தா.

"பழைய பெட்டி, இனி அப்டேட்டும் கிடையாது, தூக்கிப் போடு" என்பதுதான் பெரும்பாலான கடைகளில் கிடைக்கும் தீர்ப்பு. இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். ஆதரவு முடிந்துபோன இயங்குதளம் என்பது வேறு நோய், தூங்காத கணினி என்பது வேறு நோய். இரண்டையும் ஒன்றாகக் கட்டி, பெட்டியையே பரணில் ஏற்றிவிடுகிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. சில வருடங்களில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாணவர் கைகளுக்குப் போயின. எல்காட் வாங்கிக் கொடுத்த முதல் தொகுதியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்டர் (திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற விடாத கஞ்சப் பதிப்பு). இன்னொன்று சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ல் ஆதரவு நின்றது. பின்னால் வந்த தொகுதிகளில் பலவற்றில் ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 சில்லு வேண்டும், எட்டாம் தலைமுறை இன்டெல் வேண்டும் என்று வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஆக, பெட்டி நன்றாக இருக்கிறது, மென்பொருள் மட்டும் அநாதை.

இதில் தூக்கம் எங்கே வருகிறது?

கணினியின் தூக்கம் என்பது ஒரு கூட்டு வேலை. 1996-ல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற விதிமுறையைக் கொண்டுவந்தன. அதன்படி தாய்ப்பலகையில் இருக்கும் பயாஸ் ஒரு அட்டவணையை வைத்திருக்கும். எந்தக் கருவியை எப்படி அணைப்பது, எப்படி எழுப்புவது என்று அதில் எழுதியிருக்கும். இயங்குதளம் அதைப் படித்து நடக்கும். ஒவ்வொரு கருவிக்கும் உரிய டிரைவர், தன் கருவியின் நிலையை ஞாபகம் வைத்துக்கொண்டு படுக்க வேண்டும், எழுந்ததும் விட்ட இடத்தில் தொடர வேண்டும். கல்யாண வீட்டில் எல்லோரையும் படுக்க வைத்து, விடியக்காலை முகூர்த்தத்துக்கு வரிசையாக எழுப்புகிற மாதிரி. ஒருத்தர் எழும்பாவிட்டாலும் வேன் கிளம்பாது!

இங்கே ஒரு பழைய கதை உண்டு. 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் தன் ஆட்களுக்கு அனுப்பிய ஒரு மின்னஞ்சல், பிற்பாடு அமெரிக்காவின் அயோவா மாநில வழக்கு ஒன்றில் சான்றாக வெளிவந்தது. நாம் பாடுபட்டு ஏசிபிஐ கொண்டுவர, லினக்ஸ் எந்தப் பாடும் படாமல் அதில் நன்றாக ஓடிவிட்டால் என்ன செய்வது என்று அதில் அங்கலாய்த்திருந்தார். விண்டோஸோடு நன்றாகவும் மற்றவற்றோடு சரியில்லாமலும் ஓடும்படி வடிவமைக்க முடியுமா என்றும் யோசித்திருந்தார். பலரும் இதைக் காட்டி "சதி, சதி" என்பார்கள். ஆனால் சதியே தேவையில்லை. தயாரிப்பாளர் தன் பெட்டியை விண்டோஸில் மட்டும் தூங்க வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினால் போதும், அதே விளைவுதான். இதைச் சமாளிக்க லினக்ஸ் என்ன செய்கிறது தெரியுமா? பயாஸ் "நீ விண்டோஸா?" என்று கேட்டால் கூசாமல் "ஆமாம்" என்கிறது. "நீ லினக்ஸா?" என்று கேட்டால் "இல்லை" என்கிறது. வேறு வழியில்லை. சோதித்துப் பார்த்த பாதை விண்டோஸுக்குப் போட்ட பாதை மட்டும்தான்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம்.

விண்டோஸ் 7 அல்லது 10 இருக்கும் பழைய பெட்டியில், ஷட்டவுன் பட்டியலில் "ஸ்லீப்" என்ற சொல்லே காணவில்லை என்றால் முக்கால்வாசி நேரம் காரணம் ஒன்றே. கடையில் ஃபார்மட் செய்து திரும்ப ஏற்றியபோது கிராஃபிக்ஸ் டிரைவரைப் போடவில்லை. திரையில் எழுத்து தடித்து இழுத்த மாதிரி தெரிகிறதா, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசை வேலை செய்யவில்லையா, டிவைஸ் மேனேஜரில் "ஸ்டாண்டர்ட் விஜிஏ" அல்லது "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே" என்று இருக்கிறதா? அப்படியானால் அதுதான். பெட்டியின் அடியில் இருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து உரிய டிரைவரைப் போட்டால் ஸ்லீப் தானாக வந்து பட்டியலில் உட்காரும். இதற்குப் போய் "மதர்போர்டு போச்சு" என்று சொல்வதையெல்லாம் என்னவென்று சொல்ல!

லினக்ஸ் போட்டவர்கள் கதை கொஞ்சம் வேறு. நிறுவும்போது திரை வராவிட்டால் யாரோ சொன்னதைக் கேட்டு "நோமோட்செட்" என்ற சொல்லை கிரப் கோப்பில் சேர்த்துவிடுவார்கள். திரை வந்துவிடும். ஆனால் அந்தச் சொல்தான் கிராஃபிக்ஸ் டிரைவரை முழுசாக வேலை செய்ய விடாமல் தடுப்பது. அப்புறம் தூங்கி எழுந்தால் கறுப்புத் திரை வராமல் என்ன வரும்? அதை எடுத்துவிட்டு, கெர்னலைப் புதுப்பித்துப் பார்ப்பது முதல் வேலை. தூக்கத்திலும் வகை உண்டு. ஆழ்ந்த தூக்கத்தில் (எஸ்3 என்பார்கள்) நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போகும். மேலோட்டமான தூக்கத்தில் எல்லாம் அரைக்கண் மூடியிருக்கும், பேட்டரி கரையும். பெட்டி ஆழ்ந்த தூக்கத்துக்குத் தயாராக இருந்தும் மேலோட்டமானதையே தேர்ந்தெடுத்திருந்தால் கெர்னலுக்கு ஒரு வரி கொடுத்து மாற்றலாம்.

படுத்த மறுநிமிடம் எழுந்து உட்கார்ந்தால், பயாஸ் அட்டவணையில் யார் யாருக்கு எழுப்பும் உரிமை இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் யுஎஸ்பி மவுஸோ நெட்வொர்க் அட்டையோதான் ஆசாமி. எந்தக் கருவி எழும்ப மறுக்கிறது என்று தெரியவில்லை என்றால் கெர்னலில் ஒத்திகை வசதியே இருக்கிறது: கருவிகளைப் படிப்படியாகப் படுக்க வைத்து ஐந்து நொடியில் எழுப்பிப் பார்க்கும். எந்தப் படியில் மாட்டுகிறதோ அங்கே குற்றவாளி. ஒரு சாயங்கால வேலை, அவ்வளவுதான்.

பேட்டரி செத்த பெட்டிக்கு மட்டும் இந்தத் தூக்கமே ஆபத்து. மின்சாரம் ஒரு நொடி போனால் நினைவகத்தில் இருப்பதெல்லாம் போச்சு. 2012-ல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாமல் இருந்ததை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் ஹைபர்னேட்டுக்கு மாறுவது நல்லது. எல்லாவற்றையும் வட்டில் எழுதிவிட்டு முழுசாக அணைந்துவிடும். 2 ஜிபி நினைவகம் உள்ள பெட்டிக்கு அதே அளவு ஸ்வாப் ஒதுக்கினால் போதும்.

"ஆதரவு இல்லாத விண்டோஸைச் சரிசெய்து என்ன பிரயோஜனம், வைரஸ் வராதா?" என்று கேட்பது நியாயம்தான். விண்டோஸ் 7-ல் வங்கிக் கணக்கைத் திறப்பது புத்திசாலித்தனம் இல்லை. இணையத்துக்கு, இன்றும் பராமரிக்கப்படும் ஒரு லினக்ஸ். விண்டோஸில்தான் ஓடும் பழைய டாலிக்கோ கல்லூரிச் செயல்முறை வேலைக்கோ இணைப்பைக் கழற்றிய விண்டோஸ். இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கலாம், அரசு கொடுத்ததே அப்படித்தானே.

தூக்கம் என்பது சொகுசு இல்லை. ஆழ்வார்திருநகரியில் செந்தூர் ரயிலைப் பிடித்துத் திருநெல்வேலிக்குப் படிக்கப் போகும் ஒரு பெண், வண்டியில் பாதி எழுதிய அசைன்மென்டை ஸ்டேஷன் வந்ததும் மூடிவிட்டு இறங்க வேண்டும், வகுப்பில் திறந்ததும் அதே வரி இருக்க வேண்டும். அது நடக்காவிட்டால் அவள் கணினியை வீட்டில் பிளக்கில் சொருகியே வைத்திருப்பாள். பேட்டரி அதிலேயே நாசமாகும். அப்புறம் மடிக்கணினி மேசைக்கணினி ஆகும், மேசைக்கணினி பரணுக்குப் போகும். வீட்டில் இன்னொன்று வாங்க வசதி இருந்தால் அரசு மடிக்கணினிக்கு ஏன் வரிசையில் நிற்கிறார்கள்?

வேடிக்கை என்னவென்றால் புதிய பெட்டிகள் இந்த விஷயத்தில் மோசம். இப்போது வரும் பல மடிக்கணினிகளில் ஆழ்ந்த தூக்கத்தைத் தயாரிப்பாளர்களே பயாஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். கைப்பேசி மாதிரி அரைத்தூக்கம்தான். 2012-ல் வந்த பெட்டியைச் சரியாக அமைத்தால் அது புதுசை விட நன்றாகத் தூங்கும்!

2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. இப்படி லட்சக்கணக்கில் வாங்குகிறவர் சொல்வதைத் தயாரிப்பாளர் கேட்டே ஆக வேண்டும். இனி போடும் ஒவ்வொரு டெண்டரிலும் ஒரு நிபந்தனை சேர்க்கலாம்: பெட்டியோடு வரும் ஒவ்வொரு இயங்குதளத்திலும் ராத்திரி மூடி காலையில் திறந்து காட்ட வேண்டும், இடையில் பேட்டரி எவ்வளவு குறைந்தது என்று எழுதித் தர வேண்டும், டிரைவர்களையும் பயாஸ் புதுப்பிப்புகளையும் பத்து வருடத்துக்கு இணையத்தில் வைத்திருக்க வேண்டும். இதற்கு அரசுக்குக் கூடுதலாக ஒரு காகிதம் செலவாகும்.