எலும்பு முறியவில்லை, ஆனாலும் முழங்கால் நலமன்று

"எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம், அல்ஹம்துலில்லாஹ்! எண்ணெய் தேய்த்து நீவினால் போதும்." முழங்காலில் அடிபட்ட பிள்ளையின் வீட்டில் இச்சொற்களை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஏன், நாமே சொல்லியும் இருக்கிறோம்.

நம் மதரஸா மாணவர் ஒருவர் கால்பந்து விளையாடுகையில் சட்டெனத் திரும்பினார். மூட்டுக்குள் 'பட்'டென்று ஓர் ஓசை. சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயை நம்பி இரண்டு மாதம் நீவினோம். படியிறங்கும்போது மூட்டு நழுவி அவர் மீண்டும் விழுந்த பிறகே எம்.ஆர்.ஐ. எடுத்தோம். முன்புறக் குறுக்கு நார் அறுந்திருந்தது. மூட்டினுள் மெத்தைபோல் அமைந்த மெனிஸ்கஸும் கிழிந்திருந்தது.

எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. அது எலும்பைக் காட்டும் படம். நாம் 'ஜவ்வு' என்றழைக்கும் இணைப்பு நார்கள் அதில் தெரிவதில்லை. காந்தப்புலத்தையும் வானொலி அலைகளையும் கொண்டு இயங்கும் எம்.ஆர்.ஐ.தான் அவற்றைத் தெளிவாகக் காட்டும். எக்ஸ்ரேயில் உள்ள கதிர்வீச்சு அதில் இல்லை.

அப்படியானால் மூட்டு வலித்தவுடன் எல்லோரும் ஸ்கேன் எடுக்க ஓட வேண்டுமா? அதுவும் பிழையே. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் 50 வயதைக் கடந்த 991 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வொன்று 2008-இல் வெளியானது. எம்.ஆர்.ஐ.யில் மெனிஸ்கஸ் கிழிசல் தெரிந்தவர்களுள் 61 விழுக்காட்டினருக்கு முந்தைய ஒரு மாதத்தில் மூட்டு வலியே இருந்ததில்லை. படத்தில் தெரிவதெல்லாம் நோயாகாது.

ஆகவே முதலில் பேச வேண்டியது மருத்துவரின் கை. முழங்காலை 20 முதல் 30 பாகை வரை மடக்கி, ஒரு கையால் தொடையைப் பற்றி, மறு கையால் கீழ்க்காலை முன்னோக்கி இழுத்துப் பார்ப்பார். இதுவே லாக்மன் சோதனை. சில நொடிகளில் முடிந்துவிடும். இதில் ஐயம் எழுந்தால் எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடலாகாது. தளர்ந்த மூட்டு நழுவும் ஒவ்வொரு முறையும் மெனிஸ்கஸுக்கு ஆபத்து.

"செலவாகுமே" என்பர். வலீமா விருந்துக்குக் கடன் வாங்கத் தயங்காத நாம், பிள்ளையின் காலுக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது என்ன நியாயம்? இயலாதவருக்கு உதவத்தானே ஜமாஅத் இருக்கிறது?

அமர்ந்து தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது, உண்மை. ஆனால் நம் அலட்சியத்தால் ஓர் இளைஞனை நாற்காலியில் அமர்த்திவிட்டு அதை விதியென்று சொல்வது முறையன்று. உடல் அமானிதம். அதைப் பேணுவதும் நம் கடமை.