கேட்காமல் தீர்ப்புச் சொல்லலாமா?

வெளிநாட்டுக் கல்வி என்றதும் நம் நாட்டிலிருந்து மேற்கு நாடுகளுக்குச் செல்பவர்களே நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் மேற்கிலிருந்து முஸ்லிம் நாடுகளுக்குப் படிக்க வருபவர்களும் இருக்கிறார்கள். அரபு மொழி கற்பதற்காக அமெரிக்க மாணவ மாணவியர் மொரோக்கோவின் ரபாட், பெஸ், மெக்னெஸ் போன்ற நகரங்களுக்கு வருகின்றனர். அவர்களில் பலர் ஒரு மொரோக்கோக் குடும்பத்தின் வீட்டிலேயே தங்கிப் படிக்கின்றனர். அந்த வீட்டில் அவர்கள் காணும் வித்தியாசங்களில் நமக்கும் பாடம் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் சாப்பாடு. அமெரிக்க வீடுகளில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிங்கான். மொரோக்கோவிலோ வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னர் ஒரே பெரிய தட்டில் குஸ்குஸ் வைக்கப்படும். குடும்பமே அதைச் சுற்றி அமர்ந்து உண்ணும். புதிதாக வந்த மாணவிக்கு எங்கிருந்து எடுப்பது, எவ்வளவு எடுப்பது என்று தெரியாது. நடுவில் இருக்கும் இறைச்சிக்குக் கை நீட்டிவிடுவாள். தனக்கு முன்னால் இருப்பதை உண்ண வேண்டும், இறைச்சியை வீட்டுத் தாய் பங்கிட்டுத் தருவார் என்பதெல்லாம் மெல்ல மெல்லத்தான் விளங்கும். சஹனில் சாப்பிட்டுப் பழகிய நமக்கு இது புதிதல்ல. வலது கையால் உண்பதும் தன் பக்கத்திலிருந்து உண்பதும் நபி (ஸல்) அவர்கள் ஒரு சிறுவருக்குச் சொல்லிக்கொடுத்த ஒழுக்கங்கள் என்று சின்ன வயதிலேயே படித்திருக்கிறோம்.

"போதும்" என்ற சொல்லிலும் சிக்கல் உண்டு. அமெரிக்காவில் போதும் என்றால் போதும்தான்; அதற்கு மேலும் வற்புறுத்துவது மரியாதையில்லை. மொரோக்கோத் தாய்க்கு முதல் "போதும்" வெறும் கூச்சம். இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்று சொல்லாமல் விடுவதுதான் அவருக்கு மரியாதைக் குறைவு. இருவரும் ஒருவரையொருவர் மதிக்கவே முயல்கிறார்கள். ஆனாலும் ஒருவருக்கு வயிறு வலிக்கிறது, மற்றவருக்கு மனம் வலிக்கிறது.

அடுத்தது கதவு. அமெரிக்காவில் பிள்ளைக்குத் தனி அறை இருந்தால், அதன் கதவு மூடியிருப்பதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. தட்டிவிட்டுத்தான் பெற்றோரும் உள்ளே வருவார்கள். அதே பழக்கத்தில் அந்த மாணவி வகுப்பு முடிந்து வந்து கதவை மூடிக்கொண்டு படித்தால், வெளியே வீட்டுத் தாய் கவலைப்படுகிறார். பிள்ளைக்குச் சுகமில்லையா? எங்கள் மீது ஏதும் கோபமா? மாணவியோ, என்னைக் கொஞ்ச நேரம் தனியாக இருக்க விடுகிறார்களில்லையே என்று நினைக்கிறாள். ஒருவருக்குத் தனிமை ஓய்வு. மற்றவருக்கோ ஒரு பிள்ளையைத் தனிமையில் விடுவது குற்றம். கேட்டுப் பேசும்வரை இந்த மனத்தாங்கல் தீராது.

தெருவில் இன்னொரு வித்தியாசம். முன்பின் தெரியாதவரைக் கண்டாலும் புன்னகைப்பது அமெரிக்காவின் பல ஊர்களில் சாதாரணம். மொரோக்கோ நகரத் தெருவில் ஓர் இளம்பெண்ணின் புன்னகையை அந்நிய ஆண் வேறுவிதமாக எடுத்துக்கொள்ளக்கூடும். அதனால் மாணவிகள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நடக்கப் பழகுகிறார்கள். அப்படியிருந்தும் சிலர் கேலிப் பேச்சுக்கு ஆளாகிறார்கள். மொரோக்கோப் பெண்களுக்கும் இதே தொல்லை உண்டு. இதைப் பண்பாட்டு வித்தியாசம் என்று சொல்லி நாம் மூடி மறைக்கக்கூடாது. பார்வையைத் தாழ்த்தும்படி சூரத்துந் நூர் முதலில் சொல்வது ஆண்களுக்குத்தான். பொது இடங்களில் பெண்களுக்குத் தொல்லை கொடுப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தை 2018இல் மொரோக்கோவும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு நாட்டின் வழக்கம் வேறு, மார்க்கம் வேறு, சிலருடைய கெட்ட பழக்கம் வேறு. வெளியிலிருந்து வருபவருக்கு இம்மூன்றும் ஒன்றாகவே தெரியும். பல வேளைகளில் உள்ளே இருக்கும் நமக்கும் அப்படித்தான்.

இந்த மாணவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாக மட்டும் இருந்துவிட முடியாது. வீட்டார் அவர்களிடமும் கேட்கிறார்கள். பதினெட்டு வயதிலேயே வீட்டை விட்டுப் போய்விடுவீர்களா? வயதான உங்கள் உம்மம்மா யாருடன் இருக்கிறார்? இப்படி யாரும் அதுவரை கேட்டிராத பிள்ளைக்கு, சொந்த ஊர் வழக்கத்தைப் பற்றி முதன்முறையாக யோசிக்க வேண்டியிருக்கிறது. அதேபோல, படிக்கும் காலத்திலேயே உணவகத்தில் கோப்பை கழுவிச் செலவுக்கு உழைக்கும் அமெரிக்க மாணவனைப் பார்த்து நாமும் யோசிக்கலாம். வசதியான வீட்டுப் பிள்ளைகூட அங்கே அந்த வேலையை இழிவாக நினைப்பதில்லை. இங்கே அதே வேலையை நம் பிள்ளை செய்தால், அயலவர் என்ன சொல்வார்களோ என்றுதானே நாம் முதலில் அஞ்சுவோம்?

1956இல் ஹோரஸ் மைனர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 'நசிரேமா' என்ற இனத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர்களின் வீடுகளில் மந்திரப் பொருட்கள் நிறைந்த பெட்டி ஒன்று சுவரில் இருக்குமாம். தினமும் மயிர்க்கட்டு ஒன்றை வாய்க்குள் விட்டுச் சடங்கு செய்வார்களாம். வாசிப்பவர் இதென்ன விசித்திரக் கூட்டம் என்று நினைப்பார். 'நசிரேமா' என்பது 'அமெரிக்கன்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பின்னாலிருந்து எழுதியது! அந்தப் பெட்டி குளியலறையின் மருந்துப் பெட்டி, அந்தச் சடங்கு பல் துலக்குவது. எந்தச் சமூகத்தையும் இப்படி விசித்திரமாகக் காட்டிவிட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இந்தத் தவறு நம்மவருக்கும் நேர்ந்திருக்கிறது. மொரோக்கோவின் தான்ஜியரில் பிறந்த இப்னு பதூதா 1344இல் நம் நாட்டுக்கு வந்து பாவா ஆதம் மலையில் ஏறியவர். பின்னர் 1352இல் ஆபிரிக்காவின் மாலி தேசத்துக்குச் சென்றார். சுல்தான் அன்பளிப்பு அனுப்புகிறார் என்றதும் பட்டாடையும் பணமும் எதிர்பார்த்தார். வந்ததோ மூன்று ரொட்டியும் ஒரு துண்டு இறைச்சியும் தயிரும். அதைக் கண்டு சிரித்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அங்குள்ள பெண்களின் உடையும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும், அந்த மக்கள் அநீதியை வெறுப்பதையும், வழிப்பயணம் அச்சமின்றி இருப்பதையும், பிள்ளைகளைக் குர்ஆன் மனனமிட வைப்பதில் அவர்கள் காட்டும் கண்டிப்பையும் பாராட்டத் தவறவில்லை. பிடிக்காததையும் பிடித்ததையும் சேர்த்தே சொன்ன அந்த நேர்மையால்தான் இன்றும் அவரை மதிக்கிறோம்.

இனி நம் பக்கம் வருவோம். நம் உடையைப் பார்த்துப் பிறர் பயந்த நாட்களையும் சந்தேகித்த நாட்களையும் நாம் கண்டிருக்கிறோம். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அப்போது மனம் வருந்தினோம். அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் நாம் கேட்கிறோமா? போயா தினத்தன்று பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணி வெள்ளை உடுத்து விகாரைக்குச் சென்று, நாள் முழுவதும் அங்கே என்ன செய்கிறார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? பொங்கல் பானை பொங்கி வழியும்போது தமிழ்த் தோழியின் வீட்டார் ஏன் மகிழ்கிறார்கள் என்று கேட்டிருக்கிறோமா? கேட்பதாலும் அறிவதாலும் நம் ஈமான் குறைந்துவிடாது. மனிதர்களைப் பல சமூகங்களாகப் படைத்தது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று சூரத்துல் ஹுஜுராத் நமக்குச் சொல்கிறது.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தூரத்துப் பல்கலைக்கழகத்துக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பினால் மகள் மாறிவிடுவாள் என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. அது அன்பினால் வரும் பயம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதையும் ஏன் செய்கிறோம் என்று தெரியாமல் வளர்ந்த பிள்ளைதான் விடுதி அறையில் ஒரு தோழி கேட்கும் முதல் கேள்வியிலேயே தடுமாறுவாள். காரணம் தெரிந்து பின்பற்றும் பிள்ளை சிரித்த முகத்தோடு பதில் சொல்வாள். ஆகவே அவள் வீட்டில் "ஏன்?" என்று கேட்கும்போது, "வாயை மூடு" என்று அடக்காதீர்கள். இது மார்க்கம், இது நம் ஊர் வழக்கம், இது நாம் மாற்றிக்கொள்ள வேண்டியது என்று பிரித்துச் சொல்லிக் கொடுங்கள். உங்களுக்கே தெரியாவிட்டால் அவளோடு சேர்ந்து தேடிப் படியுங்கள். பயணப் பையில் வேறெதை வைத்து அனுப்பினாலும் அவளுக்கு இந்தளவு உதவாது.