பிரம்பும் செவியும்

ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்குக் கரையில் அமைந்தது பொந்தியான். அன்னாசியும் செம்பனையும் விளையும் மண் அது. அங்கு வாழும் தமிழ்ப் பெற்றோருள், வைகறைக்கு முன்பே எழுந்து ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குச் செல்வோர் உளர்.

அத்தகைய வீட்டுச் சிறுவன் ஒருவன் வாரத்தில் மும்முறை பள்ளிக்குத் தாமதமாக வருகிறான் எனக் கொள்க. கட்டொழுங்கு ஆசிரியர் அவன் பெயரை ஏட்டில் எழுதுகிறார், எச்சரிக்கிறார், அடுத்த வாரம் பிரம்பை எடுக்கிறார். தம்பிக்குச் சோறூட்டி, அவனை அண்டை வீட்டில் விட்டுவிட்டு ஓடி வருவதால்தான் தாமதம் என்பதைச் சிறுவன் சொல்லவே இல்லை. "ஏன் தாமதம்?" என்று அவனை அதட்டியது உண்டு. ஆனால் அது வினா அன்று, தீர்ப்பு.

அவ்வினாவை வினாவாகவே கேட்பதற்கு ஒருவர் பள்ளியில் வேண்டும். அவரே வழிகாட்டி ஆலோசக ஆசிரியர்.

இப்பணி நேற்று முளைத்த நாகரிகம் அன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பார் இளைஞர்க்குத் தொழில் வழிகாட்டும் நிலையத்தை 1908-இல் நிறுவினார். மலேசியப் பள்ளிகளில் வழிகாட்டற் பணி 1960-களில் வேரூன்றியது. 1996-இல் இடைநிலைப்பள்ளிகளுக்கு முழுநேர ஆலோசக ஆசிரியர் முறை வந்தது. 500 மாணவர்க்கு ஒருவர் என்பது அன்றைய அளவு. 1998-இல் ஆலோசகர் சட்டம் இயற்றப்பட்டது. பதிவு பெறாதவர் ஆலோசகர் எனும் பெயரைத் தாங்கித் தொழில் புரியலாகாது என அச்சட்டம் வரையறுத்தது. நாடு இவ்வளவு மதிப்பளித்த ஒரு பணியைத் தமிழ்ப்பள்ளிகள் எவ்வாறு நடத்துகின்றன என்பதே ஈண்டு எழும் கேள்வி.

"அந்தக் காலத்தில் ஆலோசகர் இருந்தாரா? அடிபட்டுத்தானே வளர்ந்தோம்" என்பார் பலர். அவர் மறந்த உண்மைகள் இரண்டு. அன்று தோட்டப்புற லயத்தில் பாட்டி இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார். கோயில் திடல் இருந்தது. ஒரு பிள்ளையின் முகம் வாடினால் காரணம் கேட்கப் பத்துப் பேர் இருந்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தபின் அந்தப் பத்துப் பேரும் சிதறினர். இஃது ஒன்று. மற்றொன்று, அடிபட்டு வளர்ந்தவர் மட்டுமே இன்று மேடையேறிப் பேசுகின்றனர். அடிபட்டு உதிர்ந்தவர்க்கு மேடை இல்லை. ஆறாம் வகுப்போடு நின்று பால்மரம் சீவப் போனவனைக் கேட்டால் அன்றோ பிரம்பின் பெருமை விளங்கும்!

பிரம்புக்கும் சட்டம் எல்லை வகுத்துள்ளது. தலைமையாசிரியரோ அவரால் அதிகாரம் பெற்ற ஆசிரியரோ அன்றி வேறெவரும் பிரம்பெடுத்தல் கூடாது. மாணவியரை அடித்தலே கூடாது என்பவை 1959-ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிகள். எல்லையுள்ள ஒன்றை எல்லா நோய்க்கும் மருந்தெனக் கொள்வது அறியாமை.

ஆலோசகர் உள்ள பள்ளிகளின் நிலை என்ன? ஆசிரியர் ஒருவர் விடுப்பெடுத்தால் அவ்வகுப்பைப் பார்த்துக்கொள்ள அவரை அனுப்புகின்றனர். பாரங்களை நிரப்பவும், விளையாட்டு விழாவில் படமெடுக்கவும் அவரையே தேடுகின்றனர். இவற்றினும் பெருங்கொடுமை, கட்டொழுங்கு ஆசிரியரையே ஆலோசகராகவும் அமர்த்துவது. காலையில் பிரம்பெடுத்த கையை நம்பி, நண்பகலில் எந்தக் குழந்தை நெஞ்சைத் திறக்கும்? ஆலோசனை அறைக்கு அனுப்புவதே தண்டனை எனும் நிலை வந்துவிட்டால், அவ்வறையின் கதவைத் தானாக எந்த மாணவனும் தட்டமாட்டான்.

குழந்தை சொன்னதைக் காத்தல் ஆலோசகரின் முதல் அறம். காலையில் கேட்ட குடும்பத் துயரம் இடைவேளையில் ஆசிரியர் அறையின் தேநீர்ப் பேச்சாகுமெனின், அவர் ஆலோசகர் அல்லர், வம்பர். குழந்தையின் உயிருக்கோ உடலுக்கோ தீங்கு நேரும் எனும்போது மட்டும் மறைத்தல் கூடாது. அப்போது உரியவரிடம் உடனே சொல்லுதலே கடமை. மருத்துவர் வேண்டிய இடத்தில் மருத்துவரை நாடச் செய்தலும் அவர் பொறுப்பே. ஆறாம் ஆண்டு மாணவரை இடைநிலைப்பள்ளிக்கு ஆயத்தப்படுத்துதலும், ஏட்டுக் கல்வியில் பின்தங்கியவனுக்குத் தொழிற்கல்வியின் வழியைக் காட்டுதலும், பெற்றோரைக் குற்றவாளியாக்காது அவரோடு பேசுதலும் அப்பணியின் கூறுகள்.

இனி, அரசு கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. பணியிடம் தலை எண்ணி வழங்கப்படுகிறது. 150 மாணவர்க்குக் குறைந்தது குறைந்த மாணவர் பள்ளி எனப்படும். தமிழ்ப்பள்ளிகள் பல அவ்வகையின. ஆதலின் அவற்றுக்கு முழுநேர ஆலோசகர் வாய்ப்பதில்லை. பள்ளி சிறியதாயின் பிள்ளையின் துயரும் சிறியதாகிவிடுமா? அருகருகே உள்ள சிறு பள்ளிகள் சிலவற்றுக்குச் சேர்த்துத் தமிழறிந்த ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்துக! குறித்த நாளில் அவர் வரட்டும். அதுவரை, பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரின் பாடவேளைகளைக் குறைத்து இப்பணிக்கு விடுவிக்கத் தலைமையாசிரியர் முன்வருக! தமிழறிந்தவர் என்பது சலுகைக் கோரிக்கை அன்று. பாடத்தை எம்மொழியிலும் ஒப்பிக்கலாம். அழுகையைத் தாய்மொழியில்தான் சொல்ல முடியும்.

1988-இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ரத்தாயிற்று. ஏ எண்ணிக்கையால் பிள்ளையை அளந்த கோல் கைவிட்டுப் போயிற்று. பிள்ளையைப் பிள்ளையாகவே பார்க்க இதனினும் நல்ல காலம் வாய்க்காது.

ஆசிரியப் பயிற்சி பெறும் இளையோரே! நாளை உங்கள் வகுப்பிலும் ஒருவன் தாமதமாக வருவான். அவன் கையை நீட்டச் சொல்லுமுன் அருகில் அமரச் சொல்லுங்கள். அவன் தம்பி சாப்பிட்டானா என்பது அப்போதுதான் தெரியவரும்.