நாவின் முடிச்சு



மூன்று வயதாகியும் பேசாத, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பாராத பிள்ளைக்குத் தண்ணீர் ஓதித் தருமாறு எம்மிடம் வருகிறீர்கள். ஓதித் தருகிறோம். ஆனால், அத்தோடு நின்றுவிடாதீர்கள்.

"இவன்ட வாப்பாவும் பிந்தித்தான் பேசினான்" என்பார் வாப்பும்மா. இருக்கலாம். ஆனால், காது கேளாத பிள்ளைக்கும் பேச்சு வராது. ஆட்டிஸம் உள்ள பிள்ளைக்கும் பிந்தலாம். எது என்று பிரித்தறிவது வைத்தியரின் வேலை; ஆலிமின் வேலையன்று.

பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். எந்த வயதில் எது வர வேண்டும் என்று அதிலேயே உண்டு. வராவிட்டால், வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டிச் சுகாதார வைத்திய அதிகாரியைச் சந்தியுங்கள். பேராதனையிலே சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலை; கட்டணமில்லை. அக்குறணைக்கும் மடவளைக்கும் அது தூரமன்று. முதலில் காதைச் சோதிக்கக் கேளுங்கள்.

ஊர் என்ன சொல்லும் என்று பிள்ளையை வீட்டில் மறைத்து வைப்பது, அந்த அமானிதத்துக்குச் செய்யும் அநீதி. பயிற்சி பலன் தரும் இளவயது திரும்பி வராது.

நபி மூஸா (அலை) அவர்கள் தமது நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு றப்பிடம் இறைஞ்சினார்கள். அதே துஆவில், சகோதரர் ஹாரூனைத் துணையாகவும் கேட்டார்கள். துணை தேடுவது ஈமானின் குறைவல்ல. நீங்களும் இரண்டையும் செய்யுங்கள்.