ஜாக்கி ஜாதகம்

நமது நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்பு ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். முப்பத்து நான்கு வருஷம் ஒரு வியாபாரக் கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். கூட்டலில் ஓரணா தவறினாலும் அன்றிரவு தூக்கம் பிடிக்காத மனுஷர்.

"இது என்ன, ஜாதக நோட்டா?" என்று கேட்டோம்.

"ஜாதகம்தான். ஜாக்கிகளின் ஜாதகம்!" என்றார்.

பிரித்துப் பார்த்தோம். ஒவ்வொரு ஜாக்கிக்கும் ஒரு பக்கம். எத்தனை சவாரி, எத்தனை முதல், எத்தனை இரண்டாவது, எத்தனை மூன்றாவது. அடியில் சிவப்பு மையில் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு விகிதம். இரண்டு வருஷத்து ரேஸ் புத்தகங்களை வைத்துக்கொண்டு எழுதியதாம். "குதிரை வாய் திறந்து பேசாது. ஆனால் ஜாக்கியின் கணக்கு பேசும். இதோ பாரும், இவன் நூறு சவாரியில் இருபத்திரண்டு ஜெயித்திருக்கிறான். மற்றவர்கள் எட்டைத் தாண்டவில்லை. இவன் ஏறுகிற குதிரையின் மேலேயே கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொண்டு போனால் நஷ்டம் எங்கிருந்து வரும்?" என்றார்.

நண்பருக்குத் தெரியாத ஒரு விஷயம் நமக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. இரண்டு நாளைக்கு முன்பு அவருடைய மனைவி வந்து போயிருந்தார். ஓய்வு பெற்றபோது வந்த பிராவிடண்ட் பண்டுப் பணம் பாங்கியில் இருக்கிறது. எஞ்சினீரிங் படிக்கும் இளைய மகனுக்கு இன்னும் இரண்டு வருஷத்துச் சம்பளம் அதிலிருந்துதான் கட்டியாக வேண்டும். "அண்ணா, அந்த நோட்டில் தப்பு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். தப்பு என்றால் கேட்டுக்கொள்வார். பாவம் என்றால் கேட்க மாட்டார்" என்றார் அந்த அம்மாள்.

ஆகவே குதிரைப் பந்தயம் கூடுமா கூடாதா என்ற உபதேசத்துக்கு இங்கே இடமில்லை. அந்த விவாதம் சட்டசபை வரை போய், நீதிஸ்தலம் வரை போய் வந்ததுதான். தமிழ்நாட்டில் 1974இல் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தார்கள். 1996இல் சுப்ரீம் கோர்ட்டார், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைப் பொறுத்தது, வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு அல்ல என்று தீர்ப்புச் சொன்னார்கள். குதிரையின் இயல்பான சக்தி, சுமக்கும் எடை, ஓடும் தூரம் இவற்றோடு ஜாக்கியின் திறமையையும் அவர்கள் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். நண்பர் அந்தத் தீர்ப்பையும் ஒரு காகிதத்தில் எழுதி நோட்டின் அட்டைக்குள் சொருகி வைத்திருந்தார்! எனவே ஜாக்கி முக்கியம் என்பதில் அவருக்கும் நமக்கும் தகராறு இல்லை. எவ்வளவு முக்கியம், அந்த முக்கியம் பந்தயம் வைப்பவர் பைக்கு வந்து சேருமா என்பதுதான் கேள்வி.

முதலில் சிவப்பு மை விகிதத்தை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் கார்டன் ரிச்சர்ட்ஸ் என்றொரு ஜாக்கி இருந்தார். இருபத்தாறு வருஷம் அந்நாட்டின் தலைசிறந்த ஜாக்கி என்ற பட்டம் பெற்றவர். 1933 அக்டோபரில் மூன்று நாட்களுக்குள் தொடர்ச்சியாகப் பன்னிரண்டு பந்தயங்களை ஜெயித்துக் காட்டினார். அவருடைய மொத்த வெற்றி 4,870. பிரமாதமான தொகைதான். ஆனால் அவர் ஏறியது 21,000 சவாரிக்கு மேல். நூற்றுக்கு இருபத்திரண்டு அல்லது இருபத்து மூன்று! அதாவது மகா சூரர் என்று உலகம் கொண்டாடிய மனிதர் நூற்றில் எழுபத்தேழு தடவைக்குக் குறையாமல் தோற்றிருக்கிறார். இங்கிலாந்தின் டெர்பி பந்தயமோ அவருக்கு இருபத்தெட்டாவது முயற்சியில், 1953இல், பின்ஸா என்ற குதிரையின் மேல்தான் கிட்டியது. ஆயிரம் சவாரிக்கு உண்மையாக இருக்கும் விகிதம் நாளை மூன்றரை மணிப் பந்தயத்துக்கு வாக்குக் கொடுப்பதில்லை.

இரண்டாவது, அந்த இருபத்திரண்டு ஜாக்கிக்குச் சொந்தமா? பெயர் பெற்ற வக்கீலிடம் ஜெயிக்கக்கூடிய வழக்குகளே முண்டியடித்துக்கொண்டு வரும். ஜெயித்த பிறகு வக்கீலின் கியாதி இன்னும் ஓங்கும். ஜாக்கி விஷயமும் அப்படியே. நல்ல குதிரை வைத்திருப்பவர் முதலில் தேடுவது பெயர் பெற்ற ஜாக்கியை. ஒரே பந்தயத்தில் இரண்டு குதிரைகள் தம்மைத் தேடி வந்தால், பெயர் பெற்றவர் தேர்ந்தெடுத்துக்கொள்வார். வேண்டாமென்று விட்டதன் மேல் சின்னப் பையன் ஏறுவான். ஆகவே அந்த இருபத்திரண்டில் குதிரையின் பங்கு எவ்வளவு, கடிவாளம் பிடித்த கையின் பங்கு எவ்வளவு என்பது சிவப்பு மையில் தெரியாது.

கையின் பங்கைப் பந்தய அதிகாரிகளே ஒரு விதத்தில் தராசில் போட்டுப் பார்க்கிறார்கள் என்பது வேடிக்கையான விஷயம். இங்கிலாந்தின் சமதரைப் பந்தயங்களில் கற்றுக்குட்டி ஜாக்கி ஏறும் குதிரைக்கு எடையில் சலுகை உண்டு. 20 வெற்றி பெறும் வரை 7 ராத்தல், 50 வரை 5, 95 வரை 3. அதற்கு மேல் ஒன்றுமில்லை. சலுகை பெறும் பையன்களில் ஒருவன், அந்தச் சலுகைக்குத் தேவைப்படாத அளவு கெட்டிக்காரனாக இருந்தால், அந்தக் குதிரைக்கு லாபம். நோட்டில் ஒரு மூலையில் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். நோட்டை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினோம். எல்லாப் பத்திகளும் இருந்தன. ஒரு பத்தி மட்டும் இல்லை. விலை!

"ஒரு ரூபாய்க்கு எவ்வளவு கொடுத்தான் என்று எங்கேயும் எழுதவில்லையே?" என்றோம்.

"ஜெயித்தால் போதாதா?" என்றார். முப்பத்து நான்கு வருஷம் கணக்கெழுதியவர்! கத்தரிக்காய் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வீசை என்ன விலை என்று கேட்காமல் வாங்குகிறவரை வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதை அவரே அறிவார்.

டோட் என்று சொல்லப்படும் ஏற்பாடு எப்படி நடக்கிறது? 1860களில் பாரிஸில் ஓல்லே என்பவர் தொடங்கிவைத்த முறை அது. எல்லாருடைய பணமும் ஒரே பானையில் விழுகிறது. கிளப்பும் சர்க்காரும் தத்தம் பங்கைக் கழித்துக்கொள்கின்றன. மீதியை ஜெயித்த குதிரையின் மேல் வைத்தவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். எந்தக் குதிரையின் மேல் அதிகம் பேர் வைத்திருக்கிறார்களோ, அது ஜெயித்தால் ஆளுக்குக் கிடைப்பது குறைவு. அந்த ஜாக்கி நூற்றுக்கு இருபத்திரண்டு ஜெயிப்பவன் என்பது நண்பருக்கு மட்டும் தெரிந்த இரகசியமா? ரேஸ் புத்தகத்திலேயே அச்சாகிறது. மைதானத்தில் கடலை விற்கிற பையனுக்கும் தெரியும். தெரிந்த எல்லாரும் அவன் குதிரையின் மேல் வைத்த பிறகு விலை எப்படி இருக்கும்? உதாரணமாக, ஒரு ரூபாய்க்குச் சராசரி நான்கு ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு சவாரிக்கு நூறு ரூபாய் போட்டால் இருபத்திரண்டு தடவை நான்கு ரூபாய், மொத்தம் எண்பத்தெட்டு. பன்னிரண்டு ரூபாய் போயிற்று, அதுவும் மகா சூரரை நம்பி!

விலை என்பது ஜாக்கியின் பெயரால் எப்படிக் குலைகிறது என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு சம்பவம் போதும். 1996 செப்டம்பர் 28ஆம் தேதி ஆஸ்காட் மைதானத்தில் ஃபிராங்கி டெட்டோரி என்ற ஜாக்கி அன்றைய ஏழு பந்தயங்களையும் ஜெயித்தார். ஆறு ஜெயித்து முடித்தபோது மைதானமே பித்துப் பிடித்தது போலாகிவிட்டது. ஏழாவதில் அவர் ஏற இருந்த புஜியாமா கிரெஸ்ட் என்ற குதிரைக்குக் காலையில் பன்னிரண்டுக்கு ஒன்று என்று விலை சொல்லியிருந்தார்கள். பந்தயம் புறப்படும்போது அது இரண்டுக்கு ஒன்று! அதே குதிரை, அதே எடை, அதே தூரம், அதே ஜாக்கி. காலையிலும் அவர்தான் ஏறுவதாக இருந்தது. மாறியது ஜனங்களின் மனம் ஒன்றே. குதிரை ஜெயித்தும் விட்டது. தேசமெங்கும் புக் மேக்கர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அதனால் இரண்டுக்கு ஒன்று என்ற விலையில் வாங்கியவர்கள் புத்திசாலிகள் ஆகிவிடுவார்களா? பத்துத் தடவை ஓடினால் ஒரு தடவை ஜெயிக்கக்கூடிய குதிரை என்று வைத்துக்கொண்டால், அந்த விலையில் பத்து ரூபாய் போட்டவருக்குத் திரும்பி வருவது மூன்று ரூபாய். அன்றைக்குக் கையில் கிடைத்தது அதிர்ஷ்டம். செய்தது நஷ்ட வியாபாரம்.

"அப்படியானால் என் நோட்டு வீண்தானா?" என்றார் நண்பர். முகம் வாடிவிட்டது.

வீண் அல்ல என்றோம். ஒரு பத்தி சேர்த்தால் அது நிஜமான கணக்காகிவிடும். ஒரு ரூபாய்க்கு ஐந்து கிடைக்கும் என்றால், அந்தக் குதிரை ஐந்தில் ஒரு தடவை ஜெயிக்கும் என்று ஏறக்குறைய ஜனங்கள் மதிப்பிடுகிறார்கள் என்று பொருள். கழிவு போக அதற்கும் சற்றுக் குறைவு. இப்படி ஒரு ஜாக்கியின் ஒவ்வொரு சவாரிக்கும் ஜனங்களின் மதிப்பை எழுதிக் கூட்டினால், அவன் எத்தனை ஜெயிக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்தது என்பது வந்துவிடும். சூரருக்கு இருபத்து நான்கு எதிர்பார்த்து இருபத்திரண்டு ஜெயித்தாரானால், அவர் விலை ஏறிய சரக்கு. இன்னொருவனுக்கு ஆறு எதிர்பார்த்து எட்டு ஜெயித்தானானால், நோட்டில் அவன் அற்பன். வியாபாரத்திலோ அவனே நல்ல சரக்கு. நண்பர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். விகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எட்டு இருபத்திரண்டை வெல்லும் என்பது அப்பொழுதுதான் பட்டது.

உடனே ஒரு குளிர்ந்த நீரும் ஊற்ற வேண்டியதாயிற்று. ஐந்தில் ஒன்று ஜெயிக்கும் ஜாக்கி இருபத்தைந்து சவாரியில் ஐந்து ஜெயிக்க வேண்டும். ஆனால் மூன்றும் ஜெயிப்பான், ஏழும் ஜெயிப்பான். திறமை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை, காசு சுண்டுகிறபோது பூவும் தலையும் மாறி விழுவது போலத்தான். நானூறு சவாரி ஆன பிறகுங்கூட எண்பது என்பது அறுபத்து நான்கு முதல் தொண்ணூற்றாறு வரை சாதாரணமாக ஊசலாடும். "இந்தப் பயிற்சியாளர் குதிரையில் இந்த ஜாக்கி ஏறினால் பத்துக்கு நான்கு" என்று நண்பர் நட்சத்திரம் போட்டு எழுதியிருந்த பக்கங்களை மெல்ல மூடி வைத்தோம்.

இந்தக் கணக்கில் ஜெயித்தவர்களே இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். இருக்கிறார்கள். 1986இல் போல்ட்டன், சாப்மன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவின் 200 பந்தயங்களை எடுத்துக்கொண்டு ஒரு கணித முறையை வெளியிட்டார்கள். அதில் ஜாக்கியின் வெற்றி விகிதமும் வெற்றித் தொகையும் மற்ற அம்சங்களோடு இடம் பெற்றன. பில் பென்ட்டர் என்ற அமெரிக்கர் 1980களின் நடுவில் ஹாங்காங்குக்குப் போய், அந்த முறையைப் பெருக்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பெரும் பணம் சம்பாதித்தார். 1994இல் அவரே எழுதிய கட்டுரையில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருடைய கணக்கு ஒரு பக்கமும் ஜனங்களின் விலை ஒரு பக்கமும் இழுத்தபோது, உண்மை இரண்டுக்கும் நடுவில்தான் இருந்ததாம். தம் கணக்கோடு ஜனங்களின் மதிப்பையும் கலந்த பிறகே லாபம் வந்தது. ஹாங்காங்கில் வெற்றிப் பந்தயத்துக்குக் கழிவு 17.5 சதவீதம். நம் நாட்டிலோ பந்தயப் பணத்தின் மேல் 28 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். பென்ட்டரின் மூளையை இரவல் வாங்கி வந்தாலும் அந்த மேட்டை ஏறியாக வேண்டும்.

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மூன்று மாதம் ஒரு காசு வைக்காமல் விலைப் பத்தியை மட்டும் எழுதிப் பார்க்கிறேன். கணக்கென்றால் முழுக் கணக்காக இருக்க வேண்டும்" என்றார். சொன்ன சொல் தவறவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். நோட்டில் புதிய பத்தி பச்சை மையில் நிரம்பியிருந்தது. சூரரின் பக்கத்தை நண்பர் வேகமாகப் புரட்டினார்; கூட்டுத்தொகையை நாமும் கேட்கவில்லை. ஒரு கற்றுக்குட்டிப் பையனின் பக்கத்தில் மட்டும் விரலை வைத்தார். எதிர்பார்த்ததைவிட மூன்று வெற்றி அதிகம். "ஆனால் சவாரி நாற்பத்தொன்றுதான். அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். நானூறு ஆக வேண்டும், அதற்கு இன்னும் இரண்டு வருஷமாகும். அதற்குள் ஊருக்கெல்லாம் தெரிந்து விலை இறங்காமல் இருக்க வேண்டுமே!" என்று பெருமூச்சு விட்டார்.

காப்பி கொண்டுவந்து வைத்த அம்மாள், "இரண்டு வருஷமா? பேஷாக எழுதட்டும். அதற்குள் பையனுக்குப் படிப்பு முடிந்துவிடும். அப்புறம் இவர் பாடு, அந்த ஜாக்கி பாடு" என்றார்.