இடுப்பிலே எமன்!

நாட்டிலே இன்று ஒரு கோரிக்கை தலைதூக்கி நிற்கின்றது. 2025 ஒக்டோபர் 22ஆம் நாள், வெலிகம பிரதேச சபைத் தலைவர், மக்களைச் சந்திக்கும் தமது அலுவலக ஆசனத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மனுக்கொடுக்க வந்தவன் போல வந்தவன் மடியிலே துப்பாக்கியை மறைத்து வந்தான். அன்று தொட்டு, “எமக்கும் கைத்துப்பாக்கி தாருங்கள், எம்மை நாமே காத்துக் கொள்கின்றோம்” என்ற குரல் அரசியல் அரங்கிலே வலுத்து வருகின்றது. இன்று பிரதிநிதிக்கு என்பார்கள். நாளை வர்த்தகருக்கு, வைத்தியருக்கு, சட்டத்தரணிக்கு, கமக்காரருக்கு என்று அது நீளாதென்பதற்கு என்ன உத்தரவாதம்?

கேட்பவர்களின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. பிரேதம் விழுந்த வீட்டின் துயரம் தமிழனுக்குத் தெரியாததன்று. ஆயினும், அச்சம் வேறு, அறிவு வேறு. கைத்துப்பாக்கியை இடுப்பிலே செருகிக் கொண்டு நடமாட விரும்பும் கனவான்களிடம் ஒரேயொரு கேள்வியைக் கேட்கின்றோம். ஐயா, மலசலகூடத்திற்குப் போகும்போது அதை எங்கே வைப்பீர்கள்?

கேள்வியைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சிரித்து முடிந்தபின் சிந்திக்கட்டும். ஆயுதம் தாங்குவோன் எத்துணை வீரனாயினும் அவனும் மனிதனே. நாளுக்குச் சில தடவையாவது அவன் இடுப்புப் பட்டியை அவிழ்த்தே ஆகவேண்டும். சற்றுப் பெரிய கைத்துப்பாக்கி ரவைகளோடு ஏறத்தாழ ஒரு கிலோ நிறையுடையது. பட்டி தளர்ந்ததும் அந்நிறை உடையைக் கீழே இழுக்கும். உறை சரியும், துப்பாக்கி நழுவும். நழுவுவதைப் பிடிக்கக் கை பாயும். பாய்ந்த விரல் விசையிலே படும். இக்காலக் கைத்துப்பாக்கிகள் பலவற்றில் வெளிப்புறமாகத் தள்ளிவிடும் பாதுகாப்புத் தாழ் கிடையாது. விசை அழுந்தினால் வெடிக்கும். தரையிலே விழுந்து வெடிப்பதிலும் பார்க்க, விழாமற் பிடிக்கப் போய் வெடிப்பதே பெரிதும் அஞ்சத்தக்கது.

சரி, கழற்றி வைத்து விடலாம் என்பீர்கள். எங்கே? கதவின் ஆணியிலே தொங்கவிட்டால் வெளியே நிற்பவன் கை மேலால் நீளும். நீர்த்தொட்டியின் மூடிமேல் வைத்தால் எழுந்து போகும் அவசரத்தில் அது அங்கேயே கிடக்கும். தரையில் வைத்தாலோ, அடுத்த அறைக்காரன் காலால் இழுத்துக் கொள்வான். உறையை விட்டு எடுக்காமல், தளர்ந்த உடையோடு முழங்கால்களுக்கிடையே வைத்திருப்பதே நலமென்று மேல்நாட்டுப் பயிற்சியாளர் போதிக்கின்றனர். அவர்கள் போதிப்பது உயர்ந்த பீடத்தில் அமரும் களிசான்காரருக்கு! கிருலப்பனைச் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் கமக்காரன், ஈரத்தரையிலே, வாளியும் கோப்பையுமாய்க் குந்தியிருக்கும்போது, சாரத்தின் எந்த மடிப்பிலே அந்த உறையைக் கட்டுவான்? வேட்டி உடுத்த எம் பெரியவர் எந்தப் பட்டியிலே அதனைக் கொளுவுவார்?

இது வெறுங் கற்பனையென்று தள்ள வேண்டாம். பயிற்சியே தொழிலாகக் கொண்டோரின் கதையைக் கேளுங்கள். 2020 பெப்ரவரியில், பிரித்தானியாவின் முன்னாட் பிரதமர் டேவிட் கமரனின் பொலிஸ் மெய்க்காவலர், நியூயோர்க்கிலிருந்து லண்டன் செல்லவிருந்த விமானத்தின் மலசலகூடத்திலே தமது துப்பாக்கியை விட்டுவிட்டு ஆசனத்திற்குத் திரும்பினார். அதைக் கண்டெடுத்தவர் ஒரு பயணி. 2015ஆம் ஆண்டு, அமெரிக்கக் காங்கிரஸ் மாளிகையைக் காக்கும் பொலிசார் ஒருவர் பார்வையாளர் மண்டப மலசலகூடத்திலே துப்பாக்கியை மறந்து போனார். அதே ஆண்டு, சபாநாயகரின் பகுதியிலிருந்த மலசலகூடத்திலே இன்னொரு காவலர் மறந்த துப்பாக்கியைக் கண்டது ஒரு சிறு பிள்ளை! அப்பிள்ளையின் விரல் விசைக்குப் போகாதது அப்பெற்றோர் செய்த புண்ணியம். சட்டத்தின் திறமையன்று.

காவலரை விடுவோம், கற்றோரைப் பார்ப்போம். 2014 செப்டெம்பரில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆரம்பப் பாடசாலையொன்றில், மறைத்து வைக்க அனுமதி பெற்ற ஆசிரியை ஒருவரின் துப்பாக்கி பாடசாலை மலசலகூடத்திலே வெடித்தது. மலப்பீடம் சிதறி அவர் காலிலே காயம் பட்டது. 2018 பெப்ரவரியில் புளோரிடாவின் பார்க்லண்ட் பாடசாலையிலே பதினேழு உயிர்கள் சுட்டுப் பறிக்கப்பட்டன. ஆயுதம் தாங்கிப் பாடசாலைக்கு வரத் தாம் ஆயத்தம் என்று அப்பாடசாலையின் ஆசிரியர் ஒருவர் கூறியிருந்தார். இரண்டே மாதங்களில், கடற்கரைப் பொது மலசலகூடத்திலே அவர் தமது துப்பாக்கியை மறந்து வந்தார். அதை எடுத்த வீடற்ற ஒருவன் சுவரிலே சுட்டுப் பார்த்தான். பிள்ளைகளைக் காக்க வந்த ஆயுதம் முதலிற் போய்ச் சேர்ந்த கை அது! பயிற்சியும் பட்டமும் பெற்றோர் கதி இதுவானால், ஆண்டுக்கொரு முறை அனுமதிப்பத்திரம் புதுப்பிப்பதோடு கடமை முடிந்ததென்று கருதும் எம் நாட்டுக் கனவான்களின் கதி என்னாகும்?

மறைத்த துப்பாக்கியைப் பற்றி எமக்குப் பிறநாட்டார் பாடம் சொல்லவும் வேண்டுமோ? எம் நாட்டு அரசியல் வரலாறே அதன் புகையால் கறுத்ததன்றோ? 1959 செப்டெம்பர் 25ஆம் நாள், ரொஸ்மீட் பிளேஸ் இல்லத்தின் வாயிற்புறத்திலே, பிரதமர் பண்டாரநாயக்கா ஒரு பிக்குவை வணங்கி நின்றார். காவியுடைக்குள் இருந்த ரிவோல்வர் அவரைச் சுட்டது. மறுநாள் அவர் மாண்டார். காவியைச் சோதிக்க எவரும் துணியவில்லை. 1989 ஜூலை 13ஆம் நாள், கொழும்பு புல்லர்ஸ் வீதி இல்லத்திலே, தேநீர் பருகி உரையாடிய விருந்தினர் மறைத்து வந்த ஆயுதத்தால் அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் வீழ்த்தப்பட்டனர். விருந்தினரைச் சோதிப்பது பண்பன்று என்று எண்ணிய தமிழ்ப் பண்புக்குக் கிடைத்த கூலி அது. 2025 பெப்ரவரி 19ஆம் நாள், புதுக்கடை நீதவான் நீதிமன்றத்தினுள்ளே, கூண்டிலே நின்ற சந்தேகநபர் ஒருவர் கொல்லப்பட்டார். கொன்றவன் அணிந்திருந்தது சட்டத்தரணியின் உடை. துப்பாக்கி வந்தது குடையப்பட்ட சட்டப் புத்தகத்தினுள்ளே! சட்டத்தின் வயிற்றைக் கிழித்து மரணத்தை உள்ளே வைத்த அந்தக் காட்சியை விட, சட்டத்தரணிகளாகிய எமக்கு வேறென்ன அவமானம் வேண்டும்?

காவியும் கறுப்பங்கியும் விருந்தினன் என்ற பெயரும் சோதனைக்கு அப்பாற்பட்டனவாய் இருந்தமையே இம்மூன்றிலும் கொலைஞனுக்கு வாயிலைத் திறந்துவிட்டது. அங்கெல்லாம் குறைந்தது சோதனையே. கொல்லப்பட்டவரின் இடுப்பிலே துப்பாக்கி இல்லாமை அன்று!

“காவலர் கையில் துப்பாக்கி இருந்தாற் காப்பாற்றும்” என்பார் வாதத்தையும் நிறுத்துப் பார்ப்போம். 1989இல் அமிர்தலிங்கத்தின் காவலர் கொலைஞர் மூவரையும் சுட்டு வீழ்த்தினார். அதனால் சிவசிதம்பரம் உயிர்தப்பினார் என்று சொல்வோருடன் நாம் வழக்காடவில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கி பயிற்சி பெற்ற, கடமையிலே விழித்திருந்த காவலரின் கையிலே இருந்தது. உரையாடிக்கொண்டிருந்த தலைவரின் மடியிலே அல்ல. அப்படியிருந்தும் முதல் வேட்டை அது தடுக்கவில்லை. 2006 நவம்பர் 10ஆம் நாள், எங்கள் கிருலப்பனைக்கு அயலிலே, நாரஹேன்பிட்டியில், எம் தொழிற்றோழர் நடராஜா ரவிராஜ் வாகனத்திலேயே சுடப்பட்டபோது, உடனிருந்த மெய்க்காவலரும் அவரோடு மாண்டார். 2008ஆம் ஆண்டின் முதல் நாள், கொட்டாஞ்சேனை பொன்னம்பலவாணேஸ்வரர் திருமுன்னிலையில் மகேஸ்வரன் கொல்லப்பட்டார். காவலர் திருப்பிச் சுட்டதிற் கொலைஞன் காயமடைந்து பிடிபட்டான், மகேஸ்வரன் பிழைத்தாரில்லை. சதி செய்து வருபவன் நேரத்தையும் இடத்தையும் தானே தெரிந்தெடுக்கின்றான். இறைவனைத் தொழுபவரும், வண்டி ஓட்டுபவரும், மலசலகூடத்தில் இருப்பவரும் இடுப்பைத் தடவி முடிவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கின்றது? தண்டனைச் சட்டக்கோவையின் 89ஆம் பிரிவு தொடக்கம் 99ஆம் பிரிவு வரை தற்காப்பு உரிமையை வகுத்துள்ளது. அவ்வுரிமையை எவரும் மறுக்கவில்லை. ஆனால், பொது அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருக்கும் இடத்திலே அவ்வுரிமை எழாது என்பதையும் அச்சட்டமே கூறுகின்றது. அதன் உட்பொருள் யாது? பிரசையைக் காக்கும் முதற்கடன் அரசினுடையது என்பதே. வெலிகமத் தலைவர் பாதுகாப்புக் கேட்டிருந்தார் என்பது செய்தி. கேட்டவருக்குக் காவல் கொடுக்காத அரசு, “துப்பாக்கியை நீயே வைத்துக்கொள்” என்று சொல்வது, வெள்ளம் வந்த வீட்டுக்காரனுக்கு நீந்தப் படித்துக்கொள் என்று சொல்வதை ஒக்கும். அதே சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, அவதானமற்ற செயலால் மரணம் விளைவிப்போனுக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கின்றது. மலசலகூடத்திலே துப்பாக்கியை மறப்பவர் அப்பிரிவை நினைந்து கொள்வாராக.

கமக்கார அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யானையும் பன்றியும் அழிக்கும் பயிரைக் காக்க, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்று வைத்திருக்கும் வேட்டைத் துவக்கை நாம் இங்கு குறை கூறவில்லை. அது நீண்டது, கண்ணுக்குத் தெரிவது, தோளிலே வருவது, வயலுக்குரியது. அதை மடியிலே ஒளித்துக்கொண்டு எவனும் சபைக்கு வரமாட்டான். கைத்துப்பாக்கியோ மறைப்பதற்கென்றே பிறந்தது. மனிதனைத் தவிர வேறு குறி அதற்கில்லை.

ஆகையால் நாம் கேட்பது இவை. தற்காப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு 2024 நவம்பரிலே பாதுகாப்பு அமைச்சு விடுத்த கட்டளையின் உள்நோக்கம் கைவிடப்படலாகாது. ஒவ்வொரு துப்பாக்கியும் யாரிடம், எத்தனை ரவையோடு, எங்கே இருக்கின்றது என்ற கணக்கு பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். அச்சுறுத்தல் நிரூபணமானவருக்கு அரசே காவல் கொடுக்க வேண்டும். நீதிமன்றம், கச்சேரி, சபை மண்டபம் ஆகிய எல்லாவற்றினதும் வாயிலிலே காவியென்றும் கறுப்பங்கியென்றும் பாராது சோதனை நடக்க வேண்டும். எம் அங்கியிலிருந்தே அது தொடங்கட்டும். கடமையிலுள்ள காவலர் இயற்கைக் கடனுக்குச் செல்லுமுன், பூட்டுப் பெட்டியிலோ சக காவலரிடமோ ஆயுதத்தை ஒப்படைத்துக் கையொப்பமிடும் ஒழுங்கு எழுத்திலே வர வேண்டும். துப்பாக்கியைத் தொலைத்தவருக்கு அனுமதி அன்றோடு முடிய வேண்டும்.

தமிழ் மக்களே! துப்பாக்கி எமக்குத் தந்ததை எண்ணிப் பாருங்கள். எம் தலைவர்களை வீட்டிலும் வீதியிலும் கோயிலிலும் அது தின்று தீர்த்தது. அதையே இன்று காவற்றெய்வமென்று இடுப்பிலே கட்டிக்கொள்ளச் சொல்கின்றனர். மண்டபத்தின் கதவிலே சட்டம் காவல் நிற்கட்டும்; மறைந்து வரும் கைத்துப்பாக்கி வாயிலிலேயே நிற்கட்டும். இதற்காகக் குரல் கொடுங்கள். உங்கள் வாக்கைத் தேடி வரும் ஒவ்வொரு பிரதிநிதியிடமும், “ஐயா, இடுப்பிலே என்ன இருக்கின்றது?” என்று முதலிற் கேளுங்கள்!