ஓடினால் கழிவு, நின்றால் பாரம்பரியம்

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டி வாங்கிப் புதுப்பிக்கிறவர்களில் நானும் ஒருவன். எனவே ‘எதுக்குப்பா இந்தப் பழைய இரும்பு’ என்று கேட்கும் கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம். என் சண்டை, புதுப்பித்த வண்டியை ஓட்டாமல் பூட்டி வைத்திருப்பவர்களோடு. அதைவிடப் பெரிய சண்டை, ஓட்டாமல் வைத்திருப்பதையே பாரம்பரியம் என்று எழுதி வைத்திருக்கும் சட்டத்தோடு.

வெள்ளகோவிலில் என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் இன்று ஆர்எக்ஸ் 100 தேடி அலைகிறார்கள். ஐடி வேலை, பனியன் ஏற்றுமதி, தறிக்குடோன், எதுவாக இருந்தாலும் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் வரும் முதல் கேள்வி அதுதான்: “ஒரு ஆர்எக்ஸ் இருந்தா சொல்லுங்க.” நல்ல வண்டி என்றால் லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். வாங்கியதும் டிங்கரிங், பெயிண்டிங், க்ரோம் என்று இன்னொரு பெருந்தொகை. கடைசியில் வண்டி வீட்டுப் போர்டிகோவில் துணி போர்த்தி நிற்கும். மாதம் ஒருமுறை துணி விலகும், ரீல்ஸ் எடுக்கப்படும், திரும்பவும் துணி மூடும். இதற்குப் பெயர் ரெஸ்டோரேஷனாம்.

1985ஆம் ஆண்டைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து யமஹா ஆர்எக்ஸ் 100ஐ இந்தியாவில் இறக்கியது அந்த ஆண்டில்தான். ஹீரோவும் ஹோண்டாவும் சேர்ந்து சிடி 100ஐ இறக்கியதும் அதே ஆண்டில்தான். இரண்டுமே ஏறக்குறைய ஒரே அளவு எஞ்சின்: ஒன்று 98 சிசி, மற்றது 97 சிசி. ஆர்எக்ஸ் டூ ஸ்ட்ரோக். 11 குதிரைத்திறனோடு முறுக்கினால் பாயும். சிடி 100 ஃபோர் ஸ்ட்ரோக். பாயாது, ஆனால் பெட்ரோல் குடிக்காது. இந்த நாட்டின் கீழ் நடுத்தர வர்க்கம் வேலைக்குப் போனது இரண்டாவது வண்டியிலும் அதன் வாரிசான ஸ்ப்ளெண்டரிலும்தான். ஆனால் யாராவது சிடி 100ஐ லட்சம் கொடுத்துத் தேடுகிறார்களா? அது காயலான் கடைக்கு எடைக்குப் போகிறது.

இதில் ஒரு சின்னப் பொய் இருக்கிறது. ‘எங்கள் இளமையை மீட்டெடுக்கிறோம்’ என்கிறார்கள். நம்மில் பெரும்பாலான வீடுகளில் ஆர்எக்ஸ் இருந்ததே இல்லை. அது பக்கத்துத் தெரு மைனர் அண்ணன் வைத்திருந்த வண்டி. நம் வீட்டில் இருந்தது டிவிஎஸ் 50. 1980இல் ஓசூரில் இருந்து வந்த அந்த மொபெட்டில்தான் அப்பா பாவு நூலைக் கட்டிக்கொண்டு போனார், முன்னால் தம்பியும் பின்னால் அம்மாவும் உட்கார்ந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய்க் கட்டு மார்க்கெட்டுக்குப் போனது. அதை யாரும் மீட்டெடுப்பதில்லை. நாம் மீட்டெடுப்பது நம்மைச் சுமந்ததை விட்டுவிட்டு, நாம் ஏங்கியதை. ஏக்கத்தில் தப்பில்லை. ஆனால் அதற்கு நினைவு என்று பெயர் வைக்காதீர்கள்.

சரி, ஏங்கியதையே வாங்கியாயிற்று. ஓட்டவாவது வேண்டாமா? வண்டியை நிறுத்தி வைத்தால் அது அப்படியே இருக்கும் என்று நினைப்பதுபோல அறியாமை வேறில்லை. நின்ற வண்டியில் கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசுபிசுப்பாகி ஜெட்டை அடைக்கும். ஆயில் சீல் காய்ந்து விரியும். சிலிண்டருக்குள் ரிங் பிடித்துக்கொள்ளும். டேங்கின் உள்பக்கம் துரு ஏறும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. மாதக்கணக்கில் டேங்கில் கிடக்கும் பெட்ரோலில் அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் ஒருவர் இதை ஒரே வரியில் முடிப்பார்: “ஓட்டித் தேஞ்ச வண்டிய ஒரு நாள்ல சரி பண்ணிருவேன் தம்பி. நின்னு கெட்ட வண்டிக்கு ஒரு மாசம் ஆகும்.”

நான் மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் துறையிலும் இதே கதைதான். இருபது வருடப் பழைய நிரல் தினமும் ஓடிக்கொண்டிருந்தால் அதைத் தொடத் தெரிந்த ஒரு ஆள் எங்காவது இருப்பார். ஓடாத நிரலைத் திறந்தால் எழுதியவனுக்கே புரியாது. ஓட்டம் நின்றால் முதலில் போவது அறிவு. இரும்பு அதற்குப் பிறகுதான் போகிறது.

இந்த விஷயத்தைப் படகுக்காரர்கள் நம்மைவிடத் தெளிவாக வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊருக்கும் படகுக்கும் சம்பந்தமே கிடையாது. பக்கத்திலிருக்கும் வட்டமலைக்கரை ஓடை அணையே பல ஆண்டுகள் வறண்டு கிடந்த பூமி இது. ஆனாலும் பழைய மர மோட்டார் படகுகளைப் புதுப்பிக்கிறவர்களின் காணொளிகளை ராத்திரி ஒரு மணி வரைக்கும் பார்க்கிற ஆள் நான். அவர்களில் பலர் தேடுவது ஒருநாள் படகு. காலையில் இறக்கி, சுற்றிவிட்டு, சாயங்காலம் கரை திரும்பும் படகு. நம் கடற்கரையில் தங்குகடல் போகும் விசைப்படகுக்கும் அன்றன்றே திரும்பும் படகுக்கும் உள்ள வித்தியாசம் போலத்தான். அதில் படுக்கை வேண்டாம், சமையலறை வேண்டாம். அதனால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி ‘எந்த மாடல் கெத்து’ என்பதாக இருப்பதில்லை. எந்தத் தண்ணீரில் ஓட்டப்போகிறாய்? எத்தனை பேர் ஏறுவார்கள்? எங்கே நிறுத்துவாய்? அதற்குப் பிறகு அடிப்பலகையைக் குத்திப் பார்ப்பார்கள், மரம் உளுத்திருக்கிறதா என்று. எஞ்சின் கடைசி. எஞ்சினை மாற்றிக்கொள்ளலாம், உளுத்த உடம்பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று. பலகைகளை அடுக்கிக் கட்டிய மரப்படகைக் கரையிலேயே வைத்திருந்தால் மரம் காய்ந்து சுருங்கி இணைப்புகள் வாய் பிளக்கும். தண்ணீரில் விட்டால்தான் மரம் ஊறி உப்பி இணைப்பு மூடும். அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டுமென்றால் தண்ணீரில் விட்டே ஆகவேண்டும். 1962இல் வந்த இத்தாலியின் ரீவா அக்வரமா, மஹோகனி மரத்தில் செய்த ராஜா வீட்டுப் படகு, இன்று கோடிகளில் விலை போகிறது. அதுவும் இத்தாலிய ஏரிகளில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

‘ஒரிஜினல் பார்ட்ஸ்’ என்று உயிரை விடுகிறவர்களுக்கு நம் மசூலாப் படகைக் காட்டுவேன். சென்னைக்குத் துறைமுகம் கட்டுவதற்கு முன், கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் அலைகளைத் தாண்டிக் கரை சேர்த்தவை அந்தப் படகுகள். ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்தவை. கயிறு இற்றுப்போகும், பிரித்துத் திரும்பத் தைப்பார்கள். கயிறு மாறியதால் படகின் மதிப்பு குறைந்துவிட்டது என்று எந்தச் செம்படவரும் அழுதிருக்க மாட்டார். பழுது பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அந்தப் படகின் ஒரிஜினல் நிலை.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி ‘விண்டேஜ்’ வாகனங்களுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். அசல் வடிவம் மாறாமல் இருக்க வேண்டும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000. நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, ஆராய்ச்சி, விண்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டும் சாலைக்கு வரலாம். அன்றாட ஓட்டத்துக்குக் கூடாது.

சாதாரண வண்டிக்கு என்ன கதை? 15 வருடம் முடிந்தால் ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். இருசக்கர வாகனத்துக்கு 300 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. 20 வருடம் தாண்டியதற்கு 2025இல் 2,000 ஆக்கினார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 50 வருடம் கொட்டகையில் நின்ற பணக்காரர் வண்டி நாட்டின் பாரம்பரியம். 20 வருடமாகத் தினமும் முருங்கைக்காய் சுமக்கிற எக்ஸ்எல் நாட்டின் கழிவு. முதலாவதுக்கு ஊர்வலம், இரண்டாவதுக்கு அபராதம் போல ஏறும் கட்டணம். இரண்டாயிரம் ரூபாய் உங்களுக்கும் எனக்கும் ஒரு சனிக்கிழமைச் சாப்பாட்டுக் காசு. மொத்த வண்டியே சில ஆயிரம்தான் பெறும் என்கிற ஒரு விவசாயக் கூலிக்கு அது வேறு கணக்கு.

“புகைக்கு என்ன சொல்றீங்க?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டூ ஸ்ட்ரோக்குக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எரியாத பெட்ரோலில் ஒரு பங்கை அது சைலன்சர் வழியாக வெளியே தள்ளுகிறது, ஆயிலையும் சேர்த்து எரிக்கிறது. கழிவு என்றால் என்ன என்று எங்கள் மாவட்டத்துக்காரனுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தொட்டியாக மாறியதைப் பார்த்தவர்கள் நாங்கள். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் பலருக்கு விழிப்பே வந்தது. எனவே புகையை அளந்து பாருங்கள், தாண்டினால் நிறுத்துங்கள். அதைத்தான் நானும் கேட்கிறேன். வயதைப் பார்க்காதீர்கள், புகையைப் பாருங்கள். நன்றாகப் பராமரித்த இருபது வருட ஸ்ப்ளெண்டரையும் கரும்புகை கக்கும் எட்டு வருட வண்டியையும் பிறந்த தேதியை மட்டும் வைத்துப் பிரிப்பது பொறியியலே கிடையாது. அது குமாஸ்தா வேலை.

ஓடுவதால்தான் ஒரு பொருள் பிழைக்கும் என்பதற்குச் சாட்சி சென்னையிலேயே இருக்கிறது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து ராயல் என்ஃபீல்ட் இங்கே புல்லட் செய்ய ஆரம்பித்தது. 1970வாக்கில் இங்கிலாந்துத் தாய் நிறுவனம் மூடிவிட்டது. திருவொற்றியூரில் மூடவில்லை. காரணம் கண்காட்சி அல்ல. ராணுவமும் போலீஸும் பால்காரரும் பண்ணையாரும் தினமும் அதை உதைத்துக் கிளப்பினார்கள். உதிரிபாகம் தேவைப்பட்டது, அதனால் செய்தார்கள். மெக்கானிக் தேவைப்பட்டார், அதனால் பையன்கள் கற்றார்கள். இன்று உலகமே வாங்கும் அந்தப் பெயரைக் காப்பாற்றியது அந்த அன்றாட உதைதான்.

தறிக்குடோனுக்கு வந்து பாருங்கள். அப்பா காலத்து விசைத்தறி இன்னும் ஓடுகிறது. அதில் பாதிப் பாகம் மாறியிருக்கும். யாரும் அதை விண்டேஜ் என்று சொல்வதில்லை, ஃபிட்டரைக் கூப்பிடுகிறார்கள். காங்கயம் காளைக்கும் இதுதான் கதை. வண்டியிலும் ஏரிலும் பூட்டிய காலத்தில் அந்த இனம் பெருகியது. டிராக்டர் வந்து வேலை போனதும் குறைந்தது. இப்போது காளையோடு நின்று போட்டோ எடுக்கிறவர்கள் நிறைய. வேலை கொடுக்கிறவர்கள் குறைவு.

ஆகவே, ‘எந்தப் பழைய வண்டி எடுக்கலாம்’ என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். முதலில் வேலையைச் சொல்லுங்கள். தினம் தறிக்குடோன் வரைக்குமா, ஞாயிற்றுக்கிழமை காங்கயம் வரைக்குமா? வேலை இல்லாத வண்டியை வாங்காதீர்கள். வேலை செய்கிற ஒருவருக்கு அது கிடைக்கட்டும். அடுத்து காகிதம். ஆர்சியில் உள்ள சேசிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதும் ஒன்றா, நம்பரைச் சுற்றி உரசியோ வெல்டு வைத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியில்லை என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் நடையைக் கட்டுங்கள். பிறகு சேசிஸ் கோணாமல் இருக்கிறதா, ஸ்விங் ஆர்ம் பகுதியில் துரு தின்றிருக்கிறதா என்று பாருங்கள். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துப் பளபளக்கும் வண்டியைவிட, அழுக்காக, ஆனால் போன வாரம் வரை ஓடிய வண்டி மேல். எஞ்சினைக் கடைசியாகப் பாருங்கள். ரீபோர் செய்து பிஸ்டன் மாற்றிக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: உங்கள் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் அந்த வண்டியைத் தெரிந்த மெக்கானிக் யார்? அவர் கையில் இருக்கும் வித்தைதான் நீங்கள் உண்மையில் வாங்குவது. வாரம் ஒரு வண்டியாவது அவரிடம் போனால்தான் பக்கத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையன் தொழில் கற்பான். போர்டிகோவில் துணி போர்த்திய ஒவ்வொரு வண்டியும் அவரிடம் போகாத வண்டி.

சிடி 100 எடுங்கள். பழைய ஸ்ப்ளெண்டர் எடுங்கள். 2015இல் வந்த ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100கூட இன்னும் சில வருடத்தில் சட்டத்தின் கண்ணில் கிழடாகிவிடும், அதை இப்போதே நன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஆர்எக்ஸ்தான் வேண்டும் என்றால் அதையும் எடுங்கள். ஆனால் சேற்றில் இறக்குங்கள், கீறல் விழட்டும், டேங்கில் பழைய பெட்ரோல் தங்க விடாதீர்கள்.

அரசாங்கத்திடம் கேட்பதும் எளிதான ஒன்றுதான். பிறந்த தேதிக்குக் கட்டணம் வாங்குவதை விட்டுவிட்டு, புகைக்கும் பிரேக்குக்கும் சோதனை வையுங்கள். தேறினால் ஓடட்டும். ஐம்பது வருட வண்டியாக இருந்தாலும் சரி, அதன் மேல் முருங்கைக்காய் இருந்தாலும் சரி.